வராத பறவையின் கணக்கு

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள். கணக்கிடுதலும் எண்ணுதலே, சிந்தித்தலும் எண்ணுதலே. அரபு மொழியிலோ கணக்கிடுதலுக்கே சொற்கள் பல. ஒன்று, இரண்டு என வரிசையாகச் சொல்லிப் போவது ‘அத்து’. ஒன்றும் விடுபடாமல் முழுவதும் எண்ணி முடிப்பது ‘இஹ்ஸா’. கூழாங்கல்லைக் குறிக்கும் ‘ஹஸா’ என்னும் சொல்லோடு இதனை மொழியறிஞர் தொடர்புபடுத்துவர். கல்லை வைத்துக் கணக்குப் பார்த்த காலத்தின் தடம் அதில் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு சொல் உண்டு. அது ‘தஃபக்குத்’. இழப்பைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல். இருப்பவை எத்தனை என்று பார்ப்பதோடு நில்லாமல், இருக்க வேண்டியவற்றுள் இல்லாதது எது என்று தேடிப் பார்ப்பதே தஃபக்குத்.

இம்மூன்றாவது சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, நம் காலத்தில் நடைபெறும் ஒரு செயலைச் சீர்தூக்கிப் பார்க்க விழைகிறோம். மாசி, பங்குனி மாதங்களில், வெயில் ஏறும் வேளையில், மலைச்சரிவிலும் கண்மாய்க் கரையிலும் நின்று வானத்தை நோக்கிப் பருந்துகளையும் வல்லூறுகளையும் எண்ணுகிறார்களே, கூலி பெறாத அந்தத் தொண்டர்கள் செய்வது என்ன? வீண் பொழுதுபோக்கா? பயனுள்ள பணியா? அதற்கும் மேலான ஓர் அறச்செயலா?

மலையும் சமவெளியும் கூடுமிடம்

திருவண்ணாமலை என்றவுடன் வடக்கேயுள்ள அருணாசல மலையே பலருக்கும் நினைவுக்கு வரும். நாம் இங்குக் குறிப்பிடுவது ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துள்ள அதே பெயருடைய சிற்றூரை. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக நிற்கிறது. கிழக்கே வறண்ட நிலமும் கண்மாய்களும் விரிகின்றன. இம்மலைக்காடு 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாயிற்று. 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. மலையும் சமவெளியும் கூடும் இத்தகைய இடங்கள் வேட்டைப் பறவைகளுக்கு உகந்தவை. வெயிலில் சூடேறிய காற்று மேலெழும்பும்போது, சிறகை விரித்து அதில் ஏறிக்கொண்டால், அடிக்காமலேயே உயரம் செல்லலாம். பருந்து வட்டமிடுவதன் காரணம் இதுதான். அது விளையாட்டன்று, வலிமையைச் சேமிக்கும் வழி.

குளிர்காலத்தில் மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் தென்னாட்டின் புல்வெளிகளுக்கும் புஞ்சைக் காடுகளுக்கும் வருகின்றன. பங்குனி வாக்கில் திரும்பிச் செல்கின்றன. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு வனத்துறை, ஈரநிலப் பறவைகளை ஒருமுறையும் நிலப்பறவைகளை மற்றொருமுறையும் மாநிலமெங்கும் ஒரே நாட்களில் கணக்கெடுத்து வருகிறது. நிலப்பறவைக் கணக்கெடுப்பு மார்ச் மாதத்தில் நிகழ்வதால், புறப்படவிருக்கும் விருந்தாளிகளும் அதில் அகப்படுகின்றன. கல்லூரி மாணவர், ஆசிரியர், மருத்துவர், வணிகர் எனப் பலரும் இதில் தொண்டர்களாகக் கலந்துகொள்கின்றனர்.

உலகின் வேறு பகுதிகளில் இக்காட்சி மேலும் பெரியது. வேட்டைப் பறவைகள் அகன்ற கடலைக் கடக்கத் தயங்கும். நீரின்மேல் சூடான காற்று போதுமான அளவு எழும்புவதில்லை. ஆகவே நிலத்தை ஒட்டியே வந்து, கடல் குறுகிய இடத்தில் கடக்கும். ஜபல் தாரிக், பாஸ்பரஸ், சூயஸ், பாபுல் மந்தப் என்று இஸ்லாமிய வரலாற்றில் நாம் படித்த பெயர்களே இப்பறவைகளின் பெருவழிகளுமாகும். தாரிக் இப்னு ஸியாத் 711இல் கடந்த அதே நீரிணையை இளவேனில் தோறும் ஆயிரக்கணக்கான பருந்துகள் அதே திசையில், ஐரோப்பாவை நோக்கியோ, ஆண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவை நோக்கியோ கடக்கின்றன. அங்கெல்லாம் எண்ணுவோர் வரிசையாக நிற்கின்றனர். தென்னிந்தியாவில் அத்தகைய கழுத்துப்போன்ற இடம் இல்லை. பறவைகள் பரவிக் கிடக்கின்றன. எனவே பூனைப்பருந்துகளை, அந்தி மயங்கும் நேரத்தில் அவை புல்தரையில் கூட்டமாகத் தங்க வரும்போது காத்திருந்து எண்ணுகிறார்கள்.

எழக்கூடிய ஐயங்கள்

இங்கே நம் வாசகருள் மார்க்கக் கல்வியுடையோர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். கூரிய நகங்களால் வேட்டையாடும் பறவைகளை உண்பது பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பில் ஆகாது. உணவுக்கும் ஆகாதவை, குயில்போல் பாடுவதும் இல்லை, கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்பவை. போதாக்குறைக்கு, ஹரம் எல்லையிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து உயிர்களுள் பருந்தும் ஒன்று என நபிமொழித் தொகுப்புகளில் வருகிறதே. அதனை எண்ணிப் பாதுகாப்பானேன்?

ஐயம் நியாயமானதே. ஆனால் அந்த அனுமதி, தீங்கு செய்யும் உயிரிடமிருந்து மனிதன் தன்னையும் தன் பொருளையும் காத்துக்கொள்வதற்காக என்று விளக்கம் தந்த இமாம்கள் உண்டு. ஓர் இனத்தையே உலகிலிருந்து துடைத்தெறிவது வேறு செய்தி. இதற்கு இன்னொரு நபிமொழியே வழிகாட்டுகிறது. நாய்களும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயமாக இருப்பதையே, அவற்றை முற்றாகக் கொல்ல ஆணையிடாததற்குக் காரணமாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள் என அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். அங்கே வரும் சொல் ‘உம்மத்’. திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயமும் பூமியில் ஊர்வனவற்றையும் இறக்கையால் பறப்பனவற்றையும் இதே சொல்லால்தான் குறிக்கிறது. நம்மை நாம் எந்தச் சொல்லால் பெருமையோடு அழைத்துக்கொள்கிறோமோ, அந்தச் சொல் பருந்துக்கும் உரியது. தனியொரு பருந்தை விரட்டுவதற்கும் பருந்தென்னும் உம்மத்தை அழிப்பதற்கும் இடையே மார்க்கம் கோடு கிழித்திருக்கிறது.

இரண்டாவது ஐயம் இன்னும் கூர்மையானது. மனிதன் பசித்திருக்கையில் பறவைக்கென்ன கணக்கு? இதற்கு விடை கூறுமுன், எண்ணுவதைப் பற்றி மார்க்கம் கூறுவதைக் காண்போம். அல்ஹுமஸா அத்தியாயம் பொருளைச் சேர்த்து எண்ணி எண்ணி வைப்பவனைக் கண்டிக்கிறது. ஆயின் அதே மார்க்கம்தான் ஜக்காத்துக்காகப் பொருளைக் கணக்கிடுமாறு பணிக்கிறது. கணவனைப் பிரிந்த பெண் காத்திருக்கும் காலத்துக்கு ‘இத்தா’ என்று பெயர். அச்சொல்லே எண்ணிக்கையைக் குறிப்பது. எதற்காக அந்த எண்ணிக்கை? அதன் பயன்களுள் ஒன்று, கருவிலிருக்கக்கூடிய ஒரு குழந்தையின் தந்தைவழி உரிமை குழம்பிப்போகாமல் காப்பது. ஜக்காத்தின் எண்ணிக்கை எதற்காக? நம் பெட்டியில் ஏழையின் பங்கு எவ்வளவு என்று அறிவதற்காக. ஆக, கண்டிக்கப்பட்ட எண்ணிக்கை தனக்காகச் செய்வது. கட்டளையிடப்பட்ட எண்ணிக்கை பிறருடைய ‘ஹக்’கை, உரிமையை, அறிவதற்காகச் செய்வது. எண்ணுவோரை எடைபோட இதுவே தராசு.

ஸுலைமான் நபியின் பார்வை

அந்நம்லு அத்தியாயத்தில் ஸுலைமான் (அலை) அவர்கள் பறவைகளைப் பார்வையிட்ட நிகழ்ச்சி வருகிறது. அங்கே ஆளப்பட்டிருப்பது, நாம் தொடக்கத்தில் கூறிய மூன்றாவது சொல்லின் வினைவடிவமே. மனிதரும் ஜின்களும் பறவைகளும் அணிவகுத்த மாபெரும் படையில், ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்தி ஒன்று இல்லாததை அரசர் கண்டார். எத்தனை பறவைகள் வந்திருந்தன என்று திருமறை கூறவில்லை. வராதது எது என்பதையே கூறுகிறது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கொண்டலாத்தி வரவில்லை என்று அவர்கள் எடுத்த எடுப்பிலேயே தீர்ப்புக் கூறிவிடவில்லை. தமக்கு ஏன் அது தென்படவில்லை என்று முதலில் தம் பார்வையையே வினவினார்கள். அதன் பின்னரே அது வராதவற்றுள் ஒன்றோ என்று கேட்டார்கள். கண்ணில் படாததெல்லாம் இல்லாததாகிவிடாது. எண்ணுவோர் கைக்கொள்ள வேண்டிய முதல் ஒழுக்கம் இது. இன்றைய பறவைக் கணக்கிலும் இவ்வொழுக்கமே விதியாக இருக்கிறது. இனம் தெரியாத பறவையை ‘இனம் தெரியவில்லை’ என்றே எழுதவேண்டும். ஒரே பறவை இருமுறை கண்ணில் பட்டிருக்கலாம் என்றால் குறைந்த எண்ணையே எழுதவேண்டும். நான்கு மணி நேரம் நின்றும் ஒன்றும் வரவில்லையென்றால், அந்த வெறுமையையும் நேரத்தோடு பதிவு செய்யவேண்டும். தமக்கு ஐயமான சொல்லை ஐயம் என்றே அறிவித்துச் சென்ற ஹதீஸ் அறிவிப்பாளரின் மரபில் பயின்றோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். காண ஆசைப்பட்டதைக் கண்டதாக எழுதுவது பொய்ச்சாட்சி; அது மனிதரைப் பற்றியதாயினும் சரி, பறவையைப் பற்றியதாயினும் சரி.

எண்ணாததால் நேர்ந்தது

எண்ணாமையால் என்ன கெடும் என்பதற்கு நம் நாட்டுப் பாறுகளே சான்று. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துக் கூறும் பறவைக்குப் பாறு என்பது பழந்தமிழ்ப் பெயர். அரபியில் நஸ்ர். 1980களில் இந்தியாவில் இவை கணக்கில் அடங்காமல் இருந்தன. அதனாலேயே அவற்றைக் கணக்கிட வேண்டுமென்று பெரும்பாலோர்க்குத் தோன்றவில்லை. இராஜஸ்தானத்தின் பரத்பூரில் விபு பிரகாஷ் என்னும் ஆய்வாளர் மட்டும் எண்ணி வைத்திருந்தார். 1987-88இல் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் அங்கே 350க்கு மேல். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து அவர் மீண்டும் எண்ணியபோது பாதிக்கும் குறைவு. அடுத்த சில ஆண்டுகளில் அதுவும் கரைந்தது. 1999இல் அவர் தம் கணக்கை வெளியிட்டபோதுதான் நாடு திடுக்கிட்டது. 1992க்கும் 2007க்கும் இடையே, இந்தியாவில் அவ்வினம் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டதெனப் பின்வந்த கணக்குகள் காட்டின.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்தில் உண்டு. அக்குன்றில் நாள்தோறும் உணவுண்ண வந்த இரண்டு மஞ்சள்முகப் பாறுகளைக் காண ஊரே கூடும். 1990களுக்குப் பின் அவை வரவில்லை. இரண்டே பறவைகள் வராததை ஊர் முழுவதும் அறிந்தது. இலட்சக்கணக்கில் மறைந்ததை நாடு அறியவில்லை. இரண்டுக்கு எதிர்பார்ப்போர் இருந்தனர், இலட்சத்துக்கு இல்லை.

காரணம் என்ன? 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு அதனை வெளிப்படுத்தியது. கால்நடைகளின் வலியையும் வீக்கத்தையும் தணிக்கக் கொடுத்த ‘டைக்ளோஃபினாக்’ என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதனைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்னும் வேறிரண்டையும் தடை செய்தது.

இங்கேதான் அறவினாவின் ஆழம் இருக்கிறது. அம்மருந்தை மாட்டுக்குக் கொடுத்தவன் கொடியவனா? இல்லை. வாயில்லாப் பிராணியின் வலி தாளாமல் இரக்கத்தால் கொடுத்தான். அவன் நிய்யத்து நல்லது. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்னும் நபிமொழியைக் கற்ற நாம் அவன்மீது குற்றம் சாட்ட முடியாது. ஆயினும் இரக்கத்தின் கையாலேயே ஓர் உம்மத்து மடிந்தது. நல்ல எண்ணம் இருந்தது, எண்ணிக்கைதான் இல்லை. எண்ணிக்கை வந்தபின் நிலை மாறிவிடுகிறது. 2004க்கு முன் மருந்து கொடுத்தவனுக்கு அறியாமை ஒரு சாக்கு. தடைக்குப் பின்னும் மறைவாக விற்பவனுக்கு எந்தச் சாக்கும் இல்லை. ஆக, எண்ணுவோர் செய்வது பறவையைக் காப்பது மட்டுமன்று. தெரியாமல் நடந்த தீங்கைத் தெரிந்த தீங்காக்கி, நம் தோள்மீது பொறுப்பாக இறக்கி வைப்பது. மனிதர் இவ்வெண்ணிக்கையை விரும்பாததற்கும் இதுவே காரணமாகலாம்.

எண்ணினால் போதுமா?

இத்தாலியின் மெஸ்ஸீனா நீரிணையைப் பாருங்கள். 1184இல் பயணி இப்னு ஜுபைரின் கப்பல் உடைந்து ஒதுங்கிய இடம் அது. இளவேனிலில் ஆப்பிரிக்காவிலிருந்து தேன்பருந்துகள் அவ்வழியே செல்லும். அவற்றுள் ஒன்றையேனும் சுடாதவன் வீட்டில் மானக்கேடு நேரும் என்றொரு மூடநம்பிக்கை அங்கே வேரோடியிருந்தது. 1981இல் ஆன்னா ஜோர்டானோ என்னும் 15 வயதுச் சிறுமி அதனை எதிர்த்து நின்றாள். தொண்டர்கள் திரண்டு பறவைகளையும் எண்ணினர்; வெடிச்சத்தங்களையும் எண்ணினர். அவருடைய காருக்குத் தீ வைத்தனர். அவர் பின்வாங்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல வேட்டு குறைந்தது. 1998இல் உலகச் சுற்றுச்சூழல் விருதான கோல்டுமன் பரிசு அவரைத் தேடி வந்தது.

நம் நாட்டிலேயே நாகாலாந்தின் பாங்க்டி கிராமத்தை எடுத்துக்கொள்வோம். 2012இல் தொயாங் நீர்த்தேக்கத்தருகே வலைவிரித்துப் பிடிக்கப்பட்ட அமுர் வல்லூறுகள் ஓர் இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டு ஆர்வலர்கள் உலகுக்கு அறிவித்தனர். அப்பறவைகளை விற்றுத்தான் அவ்வூரார் பலர் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். ஆயினும் மறு ஆண்டே ஊர்மன்றங்கள் வேட்டையைத் தடை செய்தன. எண்ணிக்கையின் வெற்றி என்று இதனைக் கூறுவது எளிது. வருமானத்தை இழந்த ஏழைகளின் தியாகம் என்று கூறுவதே நேர்மை. பிறருடைய உரிமையைக் கணக்கிடுவோர், அந்தக் கணக்குக்கு விலை கொடுப்போரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எண்ணினால் மட்டும் எல்லாம் கைகூடிவிடாது. குஜராத்தின் வேளாவதார், ஆந்திரத்தின் ரோல்லபாடு ஆகிய புல்வெளிகளில் பூனைப்பருந்துகளை எண்ணி வந்தோர், முன்போல் அவை வருவதில்லை என்று எழுதியே வருகின்றனர். புல்வெளி வயலாகிறது, தரிசு என்று பெயரிட்டால் எதையும் கட்டலாம் என்னும் எண்ணமும் இருக்கிறது. பாறுகளின் கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும். தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் ஒரே நாட்களில் 2023 பிப்ரவரியில் எண்ணியபோது 246 பாறுகள். அவ்வாண்டு டிசம்பரில் 320. பத்தே மாதத்தில் இத்தனை குஞ்சுகள் வளர்ந்துவிட்டன என்று மகிழ்ந்துவிடல் ஆகாது. பருவம் வேறு, முதலில் பார்க்காத இடத்தைப் பின்னர் பார்த்திருக்கலாம். ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணினால்தான் உண்மை புலப்படும். தொடராத எண்ணிக்கை, ஒரு நாள் தொழுகையைப் போன்றது.

நம் வீட்டு வாசலில்

இப்போது முன்னர் நிறுத்திய ஐயத்துக்கு வருவோம். மனிதன் பசித்திருக்கையில் பறவைக்கென்ன கணக்கு? இக்கேள்வியைக் கேட்போர், பசித்த மனிதரின் கணக்கையேனும் வைத்திருக்கிறார்களா என்பதே நம் எதிர்க்கேள்வி. நம் மஹல்லாக்களில் சந்தா செலுத்துவோரின் பதிவேடு பழுதின்றி இருக்கிறது. ஆதரவற்ற கைம்பெண்கள் எத்தனை, பள்ளியை இடையில் நிறுத்திய பிள்ளைகள் எத்தனை என்ற ஏடு எத்தனை ஊர்களில் உண்டு? ஜும்ஆவில் பள்ளி நிறைந்ததைக் கண்டு மனம் குளிர்கிறோம். சென்ற மாதம் வரை வந்துகொண்டிருந்த முதியவர் இன்று ஏன் வரவில்லை என்று கேட்பவர் யார்? பள்ளிவாசலைத் துப்புரவு செய்தவரைக் காணாமல் விசாரித்து, இறந்த செய்தியறிந்து, அவர் அடக்கத்தலத்துக்குச் சென்று தொழுதவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அதுவும் தஃபக்குத்தான்.

பறவையின் வெறுமையைக் கவனிக்கப் பழகிய கண், மனிதரின் வெறுமையைக் காணாமல் போகாது. இரண்டும் ஒரே பயிற்சி. பம்பாயில் சிறுவனாயிருந்த சாலிம் அலி, தான் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருக்கக் கண்டு, இதனை உண்ணலாமா என்ற மார்க்க ஐயத்தால் கை நிறுத்தினார், மாமாவிடம் கேட்டார், அவர் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். உண்பதற்கு முன் எழுந்த அந்த ஒரு தயக்கத்திலிருந்துதான் இந்தியப் பறவையியலின் பேரறிஞர் (1896-1987) உருவானார். ஆகுமா, ஆகாதா என்று நின்று கேட்கும் பேணுதல் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அது உண்ணும் பொருளோடு நின்றுவிடாமல், நாம் வாங்கும் மருந்துக்கும் உழும் நிலத்துக்கும் அழிக்கும் புல்லுக்கும் நீளவேண்டும் என்பதே நம் அவா.

ஆகவே, அந்தப் பங்குனி வெயிலில் நிற்கும் இளைஞர் நம் பிள்ளைகளாயின், வெட்டிவேலை என்று அவர்களைக் கடியாதிருப்போம். தொழுகை நேரத்தையும் வீட்டுக் கடமையையும் நினைவூட்டி, ஒரு குப்பி நீரும் கொடுத்து அனுப்புவோம். திரும்பி வந்தபின், எத்தனை கண்டாய் என்று கேட்பதோடு, எது வரவில்லை என்றும் கேட்போம்.

ஒன்றும் விடாமல் எண்ணி முடிப்பவன் ‘அல்முஹ்ஸீ’ என்னும் திருநாமத்துக்குரிய அல்லாஹ் ஒருவனே. அந்த இஹ்ஸா நமக்கு இயலாது. வராதவரைத் தேடும் தஃபக்குத் நமக்கு இயலும். இயல்வதைப் பற்றியே நாளை நாம் வினவப்படுவோம். வல்லவன் அல்லாஹ் அதற்குரிய கண்ணையும் மனத்தையும் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.